ஒரு செமஸ்டர் வெளிநாட்டுல லா படிச்சது நம்ம ஊர் கோர்ட்டுக்கு உதவுமா?

கேள்வி: சட்டம் படிக்கிறப்ப ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச்ல வெளிநாடு போறது, திரும்பி வந்து இங்கயே ப்ராக்டிஸ் பண்ணப் போறவங்களுக்கு ஏதாச்சும் பிரயோஜனப்படுமா?

பிரயோஜனப்படும். நான் அஞ்சு வருஷ பி.ஏ. எல்.எல்.பி.ல நாலாவது வருஷம் படிக்கிறப்ப, 2019 பிப்ரவரில இருந்து ஜூன் வரைக்கும் நெதர்லாந்துல லைடன் யுனிவர்சிட்டில இருந்தேன். இப்போ ஒரு மாவட்டத் தலைநகர்ல கிரிமினல் சைடு, பாதி நாள் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்லயே போயிடும். அதனாலதான் இந்தக் கேள்விய தாண்டிப் போக மனசு வரல.

லைடன்ல லா ஃபேகல்டி இருக்கற கட்டடம் ஒரு காலத்துல பிசிக்ஸ் லேப், 1908ல ஹீலியத்த முதல் தடவையா திரவமாக்கினது அங்கதான். கிளாஸ் ரெண்டு வகை, ஒண்ணு பெரிய ஹால்ல லெக்சர், இன்னொண்ணு பதினஞ்சு இருபது பேர் மட்டும் உக்கார்ற சின்ன வகுப்பு. அந்த சின்ன வகுப்புதான் என்னைய மாத்துச்சு. முன்னாடியே படிச்சிட்டுப் போகணும், படிக்காம போனா பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும். டீச்சர பேர் சொல்லித்தான் கூப்பிடணும், எனக்கு அது வாய்ல வர ஒரு மாசம் ஆச்சு.

நான் இங்க பழகினது என்னன்னா, எந்தக் கேள்வி கேட்டாலும் ஒரு ஜட்ஜ்மென்ட் பேர சொல்லி, அதுல இருந்து ஒரு பாராவ ஒப்பிக்கறது. அங்க ரெண்டாவது வாரம் அதையே பண்ணேன். எடுத்தது தூதரக உறவுகள் பத்தின 1963 வியன்னா கன்வென்ஷன், 36வது ஆர்டிகிள். வெளிநாட்டுக்காரர் ஒருத்தர கைது பண்ணா, அவரோட நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லணும்னு அவர் கேட்டா தாமதமில்லாம சொல்லணும், அவருக்கு இப்படி ஒரு உரிமை இருக்குன்னும் தாமதமில்லாம எடுத்துச் சொல்லணும். நான் பேசி முடிச்சதும் டீச்சரம்மா கேட்டது ஒரே கேள்வி, "நீ சொன்ன இதெல்லாம் ஆர்டிகிள்ல எந்த வார்த்தைல இருக்கு?" எனக்கு பதில் தெரியல. அன்னிக்கு மீதி நேரம் பூரா 'தாமதமில்லாம'ங்கற ஒத்த வார்த்தையதான் பேசினோம். உடனேயா, ஒரு நாள்லயா, ஆள் யாருன்னு தெரிஞ்ச பிறகா? 2004ல மெக்சிகோவும் அமெரிக்காவும் மோதின அவேனா கேஸ்ல சர்வதேச நீதிமன்றம், கைதான அந்த நிமிஷமேன்னு கட்டாயமா அர்த்தம் எடுக்க வேண்டியதில்ல, ஆனா வெளிநாட்டுக்காரர்னு தெரிஞ்சதும் சொல்லியாகணும்னு சொல்லிருக்கு. அதையும் வரி வரியா படிச்சோம்.

அதே பிப்ரவரில குல்பூஷன் ஜாதவ் கேஸ் வாதம், சர்வதேச நீதிமன்றம் இருக்கற தி ஹேக்ல, 18ம் தேதில இருந்து 21 வரைக்கும். பாகிஸ்தான் உளவாளின்னு கைது பண்ணி மரண தண்டனை கொடுத்த இந்தியர் அவர், இந்தியா கேஸ் போட்டது இதே 36வது ஆர்டிகிள வெச்சுதான். லைடன்ல இருந்து ட்ரெயின்ல கால் மணி நேரம். பொதுமக்களும் போகலாம், இடம் கம்மிங்கறதால முன்னாடியே எழுதிக் கேக்கணும். நானும் லாகூர்ல இருந்து வந்திருந்த கிளாஸ்மேட் பொண்ணும் ஒண்ணா எழுதிப் போட்டோம், ரெண்டு பேருக்கும் இடம் கிடைச்சது. ஆனா 14ம் தேதி காஷ்மீர்ல புல்வாமா தாக்குதல் நடந்துடுச்சு. எங்க வீட்ல இருந்து போன், அவ வீட்ல இருந்தும் போன், சேந்து போகாதீங்கன்னு. மூணு நாள் நாங்க சரியா பேசிக்கல. ஞாயித்துக்கிழமை ராத்திரி அவதான் மெசேஜ் பண்ணா, காலைல எந்த ட்ரெயின்னு. போனோம்.

கோர்ட் இருக்கற பீஸ் பேலஸ் 1913ல திறந்த கட்டடம், உள்ள போனா சத்தமே இருக்காது. நம்ம ஹைகோர்ட் மாதிரி ஜட்ஜுங்க குறுக்க குறுக்க கேள்வி கேக்கறது அங்க இல்ல, வக்கீல் எழுதி வெச்சதப் பாத்து நிதானமா பேசறார், வேணும்னா ஹெட்போன்ல பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. முதல் நாள் ஹரீஷ் சால்வே இந்தியாவுக்காக, மறுநாள் கவார் குரேஷி பாகிஸ்தானுக்காக. ரெண்டு நாளும் போனோம். எனக்கு உள்ளுக்குள்ள கொதிப்பு இருந்துச்சு, அவளுக்கும் இருந்திருக்கும். ஆனா ரெண்டு பேர் மடிலயும் அதே 36வது ஆர்டிகிள் பிரிண்ட் அவுட், அதே வார்த்தைக்குக் கீழ பென்சில் கோடு. திரும்பி வர்றப்ப ட்ரெயின்ல ரெண்டு தரப்புலயும் எது பலவீனமான வாதம்னு பேசிட்டே வந்தோம், அவ பாகிஸ்தான் பக்கத்து ஓட்டைய சொன்னா, நான் இந்தியா பக்கத்து ஓட்டைய சொன்னேன். அப்படி பேச முடியும்னு அதுக்கு முன்னாடி நான் நெனச்சதே இல்ல.

ஜூலை 17 தீர்ப்பு வந்தப்ப நான் ஊருக்கு வந்துட்டேன். கைது 2016 மார்ச் 3, இந்தியாவுக்குத் தகவல் சொன்னது மார்ச் 25, மூணு வாரம் 'தாமதமில்லாம' ஆகாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. பஸ்ல போன்லயே அந்த பாராவ தேடிப் படிச்சேன்.

இதுக்கும் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. நம்ம அரசியல் சட்டம் 22வது ஆர்டிகிள்ல கைதுக்கான காரணத்த 'முடிஞ்ச அளவு சீக்கிரம்' சொல்லணும்னு இருக்கு, 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும்னு இருக்கு, வழிப்பயண நேரம் மட்டும் கணக்குல வராது. ரிமாண்ட் சமயத்துல நான் முதல்ல பாக்கறது, கைது பண்ணப்ப போலீஸ் எழுதற அரெஸ்ட் மெமோல இருக்கற நேரம்தான். ராத்திரி ஒம்பது மணிக்கு வீட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போனாங்கன்னு கைதானவரோட பொண்டாட்டி சொல்லுவாங்க, மெமோல மறுநாள் காலைல ஆறு மணின்னு இருக்கும். அந்த ஒம்பது மணி நேரத்த விடாம பிடிச்சுக்கணும்ங்கற பழக்கம் எனக்கு லைடன்ல வந்தது.

சரி, இன்பாக்ஸ்ல எல்லாரும் கேக்கற காசு விஷயம். எக்ஸ்சேஞ்ச்ல அங்க ட்யூஷன் ஃபீஸ் கிடையாது, நம்ம காலேஜுக்கு கட்டறத கட்டினா போதும். ரூம், சாப்பாடு, டிக்கெட், இன்சூரன்ஸ் எல்லாம் கைக்காசு. எனக்கு ரூம் மட்டும் மாசம் 450 யூரோ, அப்போ ஒரு யூரோ 80 ரூபா கிட்ட. அம்மா நகைய வெச்சுதான் அனுப்பினாங்க, அத மீட்க ரெண்டு வருஷம் ஆச்சு. ரூம் அங்க போய்த் தேடிக்கலாம்னு இருந்துடாதீங்க, சீட் உறுதியான அன்னிக்கே விண்ணப்பம் போடுங்க.

அப்புறம் மார்க். அங்க பத்துக்குத்தான் மார்க், ஆறு வந்தா பாஸ், எட்டு வாங்கினா அது பெரிய விஷயம், பத்து யாருக்கும் போட மாட்டாங்கன்னே வெச்சுக்கலாம். என்னோட 7.5அ எங்க காலேஜ்ல அப்படியே 75 ஆக்கிட்டாங்க, ரேங்க் இறங்கிடுச்சு. ஒரு பேப்பர் இங்கத்த பேப்பருக்கு சமம் இல்லன்னு சொல்லி திரும்ப எழுத வெச்சாங்க, அந்த வலி இன்னும் இருக்கு. தயவுசெஞ்சு கிளம்பறதுக்கு முன்னாடியே எந்த பேப்பருக்கு எது சமம், மார்க்க எப்படி மாத்துவாங்க, அட்டெண்டன்ஸ் எப்படி, எல்லாத்தயும் எழுத்துல வாங்கிக்குங்க. வாய்ல சரின்னு சொன்னத நம்பி விமானம் ஏறாதீங்க.

இன்னொண்ண சொல்லாம முடிக்க முடியாது. எங்கப்பா பத்திர எழுத்தர், சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசல்ல மேசை போட்டு உக்காந்திருப்பார். லைடன் யுனிவர்சிட்டி லைப்ரரிலதான் ஆனைமங்கலம் செப்பேடு இருந்துச்சு, நாகப்பட்டினத்துல இருந்த சூடாமணி புத்த விகாரத்துக்கு ராஜராஜ சோழன் கொடுத்த கொடை, 21 ஏடு, கோர்த்த வளையத்துல ராஜேந்திரனோட முத்திரை. எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிப் போய்ப் பாத்தேன். அந்த எழுத்து எனக்குப் படிக்க வராது, அச்சுல வந்த பாடத்த போன்ல வெச்சுக்கிட்டுதான் பாத்தேன். கீழ்பாலெல்லை, தென்பாலெல்லைன்னு போகுது, அப்பா தினமும் எழுதற அதே நாலெல்லை. பிடி யானைய நடத்திக் கூட்டிட்டுப் போய் எல்லை குறிச்சிருக்காங்க.

அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்கு போன்ல அத வாசிச்சுக் காட்டினேன். குறுக்க பேசாம கேட்டுட்டே இருந்தவர், முடிச்சதும் கேட்டார், "சாட்சிக் கையெழுத்து யார் யார்டா போட்டிருக்காங்க?" திரும்ப எடுத்து ஒவ்வொரு பேரா வாசிச்சேன், அவர் ஒவ்வொண்ணுக்கும் "ம்" சொல்லிட்டே இருந்தார்.