பல்கலைக்கழகத்தில் ஆணும் பெண்ணும் சாதாரணமாகக் கதைத்துப் பழக முடிகிறதா?

தங்கை இந்த வருடம் கம்பஸ் போகிறாள், அங்கே ஆண் பிள்ளைகளோடு எப்படிப் பழகுவது, மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் படித்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம். கிழக்கில்தான் படித்தேன். எந்தக் கம்பஸ் என்று சொல்லவில்லை. சொல்லப்போவது ஒரு கம்பஸின் குறை இல்லை, எங்கள் எல்லாருடைய பழக்கம்.

பழகலாம். ஆனால் எங்களுக்கு ஒருவரோடு கதைப்பதென்றால் முதலில் முறை வேண்டும். சீனியர் என்றால் அண்ணா, ஜூனியர் என்றால் தம்பி, சரி. ஒரே பட்ச்சில் படிக்கிறவனை என்னவென்று கூப்பிடுவது? மிச்சம் இருப்பது மச்சான் ஒன்றுதான். பொடியன்கள் தங்களுக்குள் ஒரு நாளைக்கு நூறு தரம் மச்சான் போடுவார்கள். அதையே ஒரு பெண் சொன்னால் கட்டிக்கொள்கிற முறை வந்துவிடும். ஒரு பொடியன் எங்களை மச்சாள் என்றாலும் அதே கதைதான். ஆகவே ஒரு பெண் பயமில்லாமல் கதைக்க இருக்கிற ஒரே வழி, எல்லாரையும் அண்ணா ஆக்கிவிடுவது. என்னைவிட இரண்டு மாதம் இளையவனையும் நான் அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். முஸ்லிம் மாணவர்கள் என்றால் நானா. சிங்களப் பிள்ளைகளும் அய்யே, மல்லி, நங்கி (அண்ணா, தம்பி, தங்கச்சி) என்று இதே குடைக்குள்தான் நின்றார்கள். மூன்று பக்கத்திலும், கூடப் படிக்கிறவன் என்பதற்கு மட்டும் கூப்பிட ஒரு சொல் இல்லை.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். அண்ணா என்று கூப்பிட்டபிறகு அவன் சொல்வது பிழை என்று சொல்லிப் பாருங்கள், அப்போது விளங்கும். தங்கச்சி எப்படி எதிர்த்துக் கதைப்பாள்?

முதல் வருடம், இரண்டாவது கிழமை, சீனியர்கள் சோடி சேர்த்தார்கள். திருக்கோவில் பக்கத்துப் பொடியன் ஒருவனைக் கூப்பிட்டு, குரோட்டன் இலை ஒன்றைப் பிடுங்கிக் கையில் கொடுத்து, எனக்கு முன்னால் முழங்காலில் நிற்க வைத்தார்கள். அவன் நெற்றியெல்லாம் வியர்வை. என்னை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. இலையை நீட்டிய கை நடுங்கியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேரின் பெயரையும் சேர்த்தே சொல்லத் தொடங்கினார்கள். நாங்கள் மூன்று வருடம் ஒரு சொல் கதைக்கவில்லை. விரிவுரை மண்டபத்தில் அவன் வலப்பக்கம் இருந்தால் நான் இடப்பக்கம். என்னிடம் நல்ல நோட்ஸ் இருந்தது. எல்லாரும் வாங்கிப் போட்டோப் பிரதி எடுத்தார்கள், அவன் மட்டும் ஒருநாளும் வந்து கேட்டதில்லை. என்ன திமிர் என்று நினைத்துக்கொள்வேன்.

(உங்கள் தங்கைக்கு யாராவது இப்படிச் செய்தால் அது விளையாட்டு இல்லை. பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அவளுக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள்.)

மற்றது, கதவு. எங்கள் பெண்கள் விடுதிக் கதவு மாலை ஆறரைக்கு மூடும். பொடியன்களுக்கு அப்படி இல்லை. பாதுகாப்புக்குத்தான், எனக்கும் விளங்குகிறது. ஆனால் கம்பஸில் முக்கியமான கதையெல்லாம் ஆறரைக்குப் பிறகுதான் நடக்கிறது. தேநீர்க் கடையில், மைதானத்தில், சந்தியில். காலையில் நாங்கள் வரும்போது எல்லாம் முடிவாகியிருக்கும்: விழாவுக்கு யார் பொறுப்பு, எந்த விரிவுரையாளரிடம் யார் போய்க் கதைப்பது, தேர்தலில் யார் நிற்பது. இந்த நாட்டில் பல்கலைக்கழகம் போகிறவர்களில் 60 வீதத்துக்கும் மேல் பெண்கள். கலைப்பிரிவு என்றால் இன்னும் அதிகம். ஆனாலும் நான் படித்த நாலு வருடத்திலும் மாணவர் ஒன்றியத் தலைவர் ஆண்தான். எங்களுக்கு உப செயலாளர் பதவி ஒன்று வரும், கூட்டக் குறிப்பு எழுதுவதற்கு. நாங்கள் பயந்தாங்கொள்ளிகள் என்று யாரும் சொல்லாதீர்கள். முடிவு எடுக்கிற நேரத்தில் நாங்கள் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாத ஒன்று உண்டு. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். குடி என்கிற வம்சப் பிரிவும் தாய்வழிதான். முஸ்லிம் மக்களிடமும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிற வழக்கம்தான். பள்ளிக்கூடம் என்று பார்த்தாலும், மட்டக்களப்பில் மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814 இல் தொடங்கியது, அடுத்த ஆறு வருடத்தில், 1820 இல், வின்சன்ட் மகளிர் பாடசாலை வந்துவிட்டது. வீடும் எங்கள் பெயரில், படிப்பும் இரு நூறு வருடமாக இருக்கிறது. பிறகும், பக்கத்துக் கதிரையில் இருப்பவனிடம் ஒரு பேனை கேட்க நாலு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இறுதி வருடம் கள ஆய்வு வந்தது. வயலில் கூலிக்குப் போகிற பெண்களைப் பற்றிய ஆய்வு. குழுவை இன்டெக்ஸ் நம்பர்படி பிரித்தார்கள், அந்தத் திருக்கோவில் பொடியன் என் குழுவுக்குள் வந்துவிட்டான். நாங்கள் ஐந்து பெண்கள், மூன்று ஆண்கள். குழுத் தலைவர் யார் என்று கேட்கக்கூட இல்லை, ஆண் ஒருவரின் பெயரை எழுதிவிட்டார்கள். குருமண்வெளியில் இருந்து மண்டூருக்குப் பாதையில் போவோம். பாதை என்றால் தெரு இல்லை, வாவியைக் கடக்கிற தட்டைப் படகு, மோட்டார் சைக்கிளும் ஏறும். அக்கரையில் ஆண்கள் பொடியன்களிடம்தான் பதில் சொன்னார்கள், நான் கேட்ட கேள்விக்கும் பொடியன்களைப் பார்த்தே. பெண்கள் எங்களை உள்ளே கூப்பிட்டுப் பாய் விரித்தார்கள். ஒரே வயல், ஒரே வெயில், ஆனால் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு என்பதை அடுப்படியில் வைத்துத்தான் சொன்னார்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்து எழுத நாங்கள் எட்டுப் பேரும் இருந்து கதைத்தே ஆக வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல்தான் கதைத்தோம்.

மூன்றாம் நாள் திரும்பி வரும்போது பின்னேரம் ஐந்து மணி இருக்கும். பாதையில் எஞ்சின் சத்தம், காற்று. அவன் பக்கத்தில் வந்து நின்று, வாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அண்டைக்கு நடந்ததுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்க. நான் உங்களோட கதைச்சா நீங்கதான் கதை வாங்குவீங்க எண்டுதான் பேசாம இருந்தன்.”

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மூன்று வருடமாக நான் திமிர் என்று நினைத்தது அதைத்தான். நானும் அதே பயத்தில்தான் அவனை ஒதுக்கினேன். அக்கரை வருகிறவரை ஒன்றும் சொல்ல முடியவில்லை. இறங்கியபிறகு “உங்கள என்னெண்டு கூப்பிடுற?” என்று கேட்டான். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றேன். அவனையும் அண்ணா போடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முதல் தரம் நாக்கு கொஞ்சம் தடுமாறியது.

இப்போது தங்கை விஷயம். இன்டெக்ஸ் நம்பர்படி பிரிக்கிற குழுக்களை விட வேண்டாம் என்று சொல்லுங்கள். யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதால் கதை கட்ட இடமில்லை. ஆய்வுகூடம், கூத்துப் பழகுகிற இடம், இப்படிக் கையில் ஒரு வேலை இருக்கிற இடங்களில் பழக்கம் தானாக வரும். எங்கள் பக்கத்துக் கூத்தில் பெண் வேடமும் ஆண்களே கட்டினார்கள், இப்போது பெண் பிள்ளைகள் சலங்கை கட்டி ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்தில் தாளம் பிசகினால் பிசகியது என்று யாரும் யாருக்கும் சொல்லலாம், அண்ணா தங்கச்சி தேவையில்லை. கூட்டங்களைப் பகல் இரண்டு மணிக்கு வையுங்கள் என்று அவள் கேட்கட்டும். நாங்கள் இறுதி வருடத்தில்தான் அப்படிக் கேட்டோம். கேட்டதும் மாற்றினார்கள். முதல் வருடமே கேட்டிருக்கலாம்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன், குறை நினைக்க வேண்டாம். அவளுக்கு ஒரு பொடியன் போன் எடுத்தால் முதல் கேள்வியாக “ஆர் அவன்?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நாங்கள் கூடப் படித்தவர்களை எல்லாம் அண்ணா ஆக்கினோம்.

போன மாதம் அவன் போன் எடுத்தான், தன் மகளுக்குப் பள்ளிக்கூட அனுமதி விஷயமாக. நான் குசினியில் நின்று கதைத்து முடித்ததும் அம்மா கேட்டா, “ஆருகா அது?”

“என்னோட படிச்சவர், அம்மா.”

“ஓ, அண்ணன் ஒருவர்.”

“இல்லம்மா,” என்று அவன் பெயரைச் சொன்னேன். அம்மா ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு, தேங்காய் துருவத் தொடங்கினா.