கனடாவில் மைனஸ் 30 குளிரிலும் மாடுகளைக் கொட்டகையில் கட்டாமல், பனியிலேயே தீனி போடுகிறார்களாமே? கொடுமையில்லையா, தீனியும் வீணாகாதா?

சஸ்காச்சுவான் மாகாணத்தில் இறைச்சி மாடு வளர்க்கும் பண்ணை ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கள் சினைமாடுகள் குளிர்காலம் முழுக்க வெளியில்தான்.

சதைப்பிடிப்பான மாட்டுக்கு, குளிர்கால ரோமம் அடர்ந்து காய்ந்திருந்தால் மைனஸ் 7 டிகிரி வரை குளிர் ஒரு பொருட்டே இல்லை. அதற்குக் கீழே போனால் தீனியைக் கூட்ட வேண்டும். காய்ந்த புல் பெருவயிற்றில் நொதிக்கும்போதே உடம்புக்குச் சூடு கிடைத்துவிடும். காலையில் போய்ப் பார்த்தால் முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடக்கும், உள்சூடு வெளியே போகவில்லை என்று அர்த்தம். ஆனால் ரோமம் நனைந்துவிட்டால் பிளஸ் 15 டிகிரியிலேயே குளிர் உறைக்க ஆரம்பிக்கும். காற்றோட்டமில்லாத கொட்டகையில் ஈரமும் மூத்திர நெடியும் சேர்ந்து நுரையீரலைக் கெடுக்கும். அதனால் கூரையைவிடக் காற்றுத் தடுப்புதான் முக்கியம். அதையும் பலகைகளுக்கு நடுவே சந்து விட்டுத்தான் அடிப்போம். முழுக்க அடைத்தால் காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று விழும்.

சரி, தீனி. தரை இறுகுவதற்கு முன்பே, ஒவ்வொன்றும் 600 கிலோ இருக்கும் காய்ந்த புல் உருட்டுக் கட்டுகளை மேய்ச்சல் நிலத்தில் 40 அடிக்கு ஒன்றாக வைத்துவிடுவோம். ஏக்கருக்கு 25 கட்டுக்கு மேல் வரும். ஒரு மாடு நாளுக்கு 14, 15 கிலோ தின்னும். நூறு மாட்டுக்கு இரண்டரைக் கட்டு என்று கணக்குப் போட்டு, சில நாளுக்கு ஒருமுறை மின்வேலியை நகர்த்தி அடுத்த வரிசையைத் திறந்து விடுவோம். உறைந்த தரையில் வேலிக்கம்பு இறங்காது, ட்ரில் மெஷினால் துளை போட வேண்டும். உலர்ந்த பனி மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் ஒற்றைக் கம்பி மாட்டுக்கு ஷாக் அடிக்காது. பக்கத்திலேயே எர்த் கம்பியும் இழுக்க வேண்டும்.

இத்தனை பாடு எதற்கென்றால், எருவுக்காக. 12 சதவீதம் புரதமுள்ள புல் ஒரு டன்னில் சுமார் 19 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. வளர்ந்த மாடு அதில் கொஞ்சத்தைத்தான் உடம்பில் வைத்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் சாணமாகவும் மூத்திரமாகவும் அந்த நிலத்திலேயே விழும். ஊரில் அறுவடையான வயலில் ஆட்டுக்கிடை போடுவோமே, அதே கணக்கு. பட்டியில் அடைத்துத் தீனி போட்டால் மூத்திரத்தின் சத்து அமோனியாவாகப் பறந்துவிடும், சாணத்தை அள்ளிக் கொட்ட டீசல் செலவு வேறு. இதே மாகாணத்து லேனிகனில் நடந்த ஆய்வுகளிலும், அள்ளிக் கொட்டிய எருவைவிட இப்படித் தீனி போட்ட நிலத்தில்தான் அதிகத் தழைச்சத்து புல்லில் சேர்ந்தது.

வீணாவது உண்மைதான். மிதிபட்டு மிஞ்சும் புல் மாட்டுக்குப் படுக்கையாகி, பிறகு மண்ணோடு மக்கும். புல் மலிவாக இருக்கும்போது அதை நான் நஷ்டமாக நினைப்பதில்லை. 2021 வறட்சி மாதிரி விலை எகிறும் வருஷத்தில் இந்தப் பேச்சு எடுபடாது, இரும்பு வளையத்துக்குள் புல்கட்டை வைத்துச் சிக்கனமாகத்தான் போட வேண்டும்.

இதில் எனக்குப் பிடிக்காத வேலை, கட்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் வலையை உரிப்பது. பனிக்கட்டியோடு ஒட்டிப்போய்ப் பாதியில் கிழியும், கையுறையோடு பிடிக்கவும் வராது. சோம்பல்பட்டு விட்டால் மாடு புல்லோடு சேர்த்து விழுங்கிவிடும். பெருவயிற்றில் செரிக்காமல் வருஷக்கணக்கில் சேர்ந்து கடைசியில் அடைத்துக்கொள்ளும். அப்புறம், ஓடைக்கரைப் பக்கம் கட்டு வைக்கவே கூடாது. வசந்தத்தில் பனி உருகும்போது சாணமெல்லாம் தண்ணீரோடு போய்விடும்.