அஜித் வர்க்கி ஒரே சர்க்கரையை இத்தனை காலம் ஏன் ஆராய்ந்தார்?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரத்தநோய் மருத்துவர் அவர். பொறி கிளம்பியது 1984-இல்: அப்ளாஸ்டிக் அனீமியா (எலும்பு மஜ்ஜை போதிய ரத்த அணுக்களை உருவாக்காத நோய்) நோயாளிக்குக் குதிரை சீரம் ஏற்றியதும் உடல் அதை எதிர்த்தது. எதிர்த்தது புரதத்தை மட்டுமல்ல, அதன்மேல் ஒட்டியிருந்த 'நியூ5ஜிசி' என்ற சர்க்கரையையும்தான்; இது சயாலிக் அமிலம் எனும் சர்க்கரைகளில் ஒரு வகை.

நம் செல்களில் இருப்பது நியூ5ஏசி. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஓர் ஆக்சிஜன் அணு! அதைச் சேர்க்கும் நொதியின் மரபணுவில் 92 டிஎன்ஏ எழுத்துகள் மனிதனிடம் இல்லை. 1998-இல் அவர் குழுவும் ஜப்பானியக் குழு ஒன்றும் இதைத் தனித்தனியே வெளியிட்டன. சிம்பன்சியிடம் அந்த மரபணு நன்றாகவே வேலை செய்கிறது.

வெள்ளணுக்களில் உள்ள சிக்லெக் புரதங்கள் சயாலிக் அமிலத்தைத் தொட்டுப் பார்த்து 'நம்மாள்' என்று அடங்கும். குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா அதே சர்க்கரையைப் போர்த்திக்கொண்டு ஏமாற்றுகிறது.

அளப்பது எப்படி? மாதிரியை 2 மோலார் அசிட்டிக் அமிலத்தில் 80 டிகிரியில் 3 மணி நேரம் வைத்துச் சர்க்கரையைப் பிரிப்பார்கள். டிஎம்பி என்ற ஒளிரும் சாயம் ஏற்றி எச்பிஎல்சி-யில் (கலவையின் பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) ஓட்டுவார்கள். அமிலம் கடுமையானால் சர்க்கரையே சிதையும்.

பலர் சறுக்குவது செல்களை வளர்க்கும் ஊடகத்தில். அதில் சேர்க்கும் கன்றுக்குட்டி சீரத்தில் நியூ5ஜிசி உண்டு. மனித செல்கள் அதை உறிஞ்சித் தம் மேற்பரப்பிலேயே பதித்துக்கொள்ளும். மனிதக் கருத் தண்டுசெல்களிலேயே இந்தக் கலப்படம் இருப்பதை 2005-இல் அவர் குழு காட்டியது. சிவப்பு இறைச்சி வழியாகவும் கொஞ்சம் நமக்குள் வருகிறது.