வீட்டில் பாட்டுக் கேட்க ஸ்ட்ரீமிங் போதுமா? பழைய சிடி, கேசட்டுகளை என்ன செய்வது?

வீடு மாற்றுகிறீர்கள், இரண்டு அட்டைப்பெட்டி நிறைய சிடியும் கேசட்டும் இருக்கின்றன, எல்லாப் பாட்டும் செயலியிலேயே வருகிறதே, கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

ஒலித்தரத்துக்காகச் சொல்லவில்லை. சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட். எம்பி3 போல அழுத்திய கோப்பாகக் கேட்டால் அதிகபட்சம் 320 வரும். ஆப்பிள் மியூசிக் போன்றவற்றில் 2021 முதலே சிடிக்கு இணையான தரமும் கிடைக்கிறது. ஆனால் மேலே மின்விசிறி ஓட, கீழே தண்ணி லாரி ஹாரன் அடிக்க, கூடத்தில் சாதாரண ஸ்பீக்கரில் கேட்கும் எனக்கு 320-க்கும் சிடிக்கும் வித்தியாசம் தெரிந்ததே இல்லை.

என் காரணம் வேறு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது நாங்கள் ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். அடையாற்றுத் தண்ணீர் இடுப்பளவு ஏறியது. பெரம்பூர் அத்தை வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தால், பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கச் சேறு. அப்பாவின் கேசட்டுகள் அங்கேதான் இருந்தன. பெரும்பாலும் கடையில் வாங்கியவை அல்ல, வானொலிக் கச்சேரிகளை அவரே பதிவு செய்தவை. அறிவிப்பாளர் "வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார்" என்று சொல்லும் இடத்திலிருந்தே பதிவு தொடங்க வேண்டும் என்பதில் அப்பா அவ்வளவு கண்டிப்பு. ஐந்து நிமிடம் முன்பே பட்டனில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாடாவுக்குள் சேறு போனபின் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தக் கச்சேரிகள் எந்தச் செயலியிலும் இல்லை.

சிடிகள் பிழைத்தன. பாலிகார்பனேட் தட்டு என்பதால் நல்ல தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து, செய்தித்தாளில் பரப்பிக் காயவைத்தோம். ஏறக்குறைய எல்லாமே பாடின. ஆனால் உறைக்குள் இருந்த தாள்கள் கூழாகிவிட்டன. அந்தச் சிடிகள் மார்கழி இசை சீசன் சமயத்தில் சபா வாசல் கடைகளிலும் மயிலாப்பூரிலும் ஒவ்வொன்றாக வாங்கிய நேரடிக் கச்சேரிப் பதிவுகள். பாடகர் பெயர் தட்டின் மேலேயே அச்சாகியிருக்கிறது. பக்கவாத்தியம் யார், என்ன ராகம், எந்த ஆண்டு, எந்த சபா என்பதெல்லாம் தாளோடு போய்விட்டது.

சரி, செயலியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பாதிக்கு மேல் அங்கே கிடைத்தன. கேட்கவும் முடிந்தது. ஆனால் நான் தேடியதில் பெரும்பாலானவற்றில் பாடகர் பெயரைத் தவிர வேறு விவரம் இல்லை. ஓரிடத்தில் கீர்த்தனையை இயற்றிய தியாகராஜரையே பாடகராகப் போட்டிருந்தார்கள்! தோடி ராக ஆலாபனையில் பாடகர் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு வயலின் போகும்போது, வாசிப்பது யார் என்று தெரியாமல் கேட்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பாடியவருக்கு மட்டும் சொந்தமான கச்சேரி என்று ஒன்று உண்டா?

ஸ்ட்ரீமிங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. அம்மாவுக்கு 72 வயது. சாயங்காலம் ஒரே கீர்த்தனையை ஐந்து பேர் பாடியதை வரிசையாகப் போட்டுக் கேட்கிறார். அப்பா ஆயுள் முழுக்கச் சேர்த்தும் அப்படி ஒரு மாலை அவருக்கு வாய்க்கவில்லை. கட்டணம் மட்டும் கட்டிவிடுங்கள். இலவசத்தில் ஆலாபனை முடிந்து கீர்த்தனை எடுக்கப் போகும் நேரத்தில் விளம்பரம் வந்து விழும். வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளையும் அணைத்துவிடுங்கள். ஆலாபனை, கீர்த்தனை, தனி எல்லாம் தனித்தனி டிராக்காக இருப்பதால், பிற்பகுதியில் வர வேண்டிய மிருதங்கத் தனி ஆவர்த்தனத்துக்கு அப்புறம், தொடக்கத்தில் பாடும் வர்ணம் வரும். இன்னொன்று, செயலியில் இருப்பது நம்முடையது அல்ல. நான் சேமித்து வைத்திருந்த ஒரு கச்சேரி ஒருநாள் காலையில் சாம்பல் நிறமாகிவிட்டது, தொட்டாலும் பாடவில்லை. கூகிள் பிளே மியூசிக் 2020-இலும் விங்க் 2024-இலும் கடையையே மூடிவிட்டன.

அதனால் முதலில், இன்று இரவே, எல்லா உறைகளையும் தாள்களையும் முன்னும் பின்னும் ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள். அப்புறம் ரிச்சி தெருவில் யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வாங்கி, சிடிகளை, தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக மாற்றுங்கள். ஒரு சிடிக்கு 300, 400 எம்பி ஆகும். 200 சிடி இருந்தாலும் 128 ஜிபி பென்டிரைவில் அடங்கிவிடும். அந்தந்தப் படத்தையும் அதே ஃபோல்டரில் போடுங்கள். வீட்டுக் கணினியில் பதிவு செய்த சிடிகளைத்தான் முதலில் எடுக்க வேண்டும், அவற்றின் சாயம் மங்கிப்போகும். கேசட்டில் வானொலிப் பதிவு, கல்யாணக் கச்சேரி, பாட்டி பாடியது இருந்தால் உடனே; கடையில் வாங்கியவை காத்திருக்கலாம். இசைத்தட்டு இருந்தால் பரணில் போடாமல் நிற்கவைத்து அடுக்குங்கள், மே மாத வெயிலில் வளைந்துவிடும்.

அந்தச் சிடிகளுக்கான விவரங்களை நான் இன்னும் சேகரித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு சீசனிலும் சபா கேன்டீனில் பழைய ரசிகர்களிடம் ஃபோனில் இரண்டு நிமிடம் போட்டுக் காட்டுகிறேன். பதினாறு சிடிகளுக்கு வயலின் யார் என்று தெரிந்துவிட்டது. அந்தத் தோடி மட்டும் பாக்கி.