பழைய படம் இன்றும் தாங்குமா? ஒரு தியேட்டர் ஆபரேட்டரிடம் கேள்விகள்

1979 முதல் 2010 வரை தியேட்டரில் புரொஜக்டர் ஓட்டினேன். பிலிம் பெட்டி வருவது நின்ற பிறகு எனக்கும் அங்கே வேலை இல்லை. இப்போது வீட்டில் உட்கார்ந்து, அன்று கேபின் ஓட்டை வழியாகத் துண்டு துண்டாகப் பார்த்த படங்களை முழுசாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தமிழ்ப் படங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். அதற்கு முன் எழுந்து போய் டிவி செட்டிங்ஸில் 'மோஷன் ஸ்மூத்திங்' என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும், தேடுங்கள்.

இடைவேளை முறுக்கு: போன வாரம் 'தில்லானா மோகனாம்பாள்' பார்த்தேன் ஐயா. அப்பா ஆயிரம் தடவை புகழ்ந்த படம். எனக்கு ஒட்டவே இல்லை. நாட்டியம் என்னவோ அரைகுறையாகத் தெரிகிறது, எல்லாரும் ரோஸ் பவுடர் அப்பிய மாதிரி இருக்கிறார்கள். படம் பழசாகிவிட்டதா, நான்தான் ரசனை கெட்டவனா?

இரண்டும் இல்லை. நீங்கள் பார்த்தது அந்தப் படமே இல்லை.

1973இல் 'ராஜராஜ சோழன்' வரும் வரை தமிழில் சினிமாஸ்கோப் கிடையாது. மோகனாம்பாள் 1968. அந்தக் காலத்துப் படச்சட்டம் கிட்டத்தட்டச் சதுரம், நாலுக்கு மூன்று என்று வையுங்கள். உங்கள் டிவி பதினாறுக்கு ஒன்பது. இரண்டு ஓரமும் கறுப்பாக இருந்தால் ஜனங்கள் குறை சொல்வார்கள் என்று, திரை நிரம்புகிற அளவுக்குப் படத்தை இழுத்து மேலேயும் கீழேயும் வெட்டிவிடுகிறார்கள். அப்படி வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். பரதநாட்டியப் படத்தில் கீழே வெட்டினால் என்ன போகும்? கால் போகும். சலங்கைச் சத்தம் கேட்கிறது, சலங்கையைக் காணோம். மேலே வெட்டினால் தலைக்கு மேல் போகும் முத்திரை காணாமல் போகும். நாட்டியம் அரைகுறை என்று நீங்கள் சொன்னது கணக்குப்படி முக்கால்.

அடுத்தது அந்த ரோஸ். ஈஸ்ட்மேன் கலர் பிலிமில் மூன்று சாயம் உண்டு. பழைய பிரிண்ட்களில் முதலில் வெளுப்பது நீலப்பச்சைச் சாயம். அது போனால் மரம், வானம் எல்லாம் செத்துப்போய் முகமெல்லாம் ரோஸாகும். யாரோ அப்படிச் செத்த பிரிண்டைக் கொண்டுவந்து டேப்பில் ஏற்றியிருக்கிறார்கள்.

மூன்றாவது, நீங்கள் கவனிக்காதது. பிலிம் ஓடுவது வினாடிக்கு 24 பிரேம். நம் பழைய டிவி முறை 25. அந்தக் காலத்து டேப், டிவிடி பலவற்றில் வித்தியாசத்தைச் சரிக்கட்டாமல் அப்படியே வேகமாக ஓட்டிவிட்டார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆறு நிமிடம் மிச்சம்தானே என்று விடாதீர்கள், சுருதியும் கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாதஸ்வரம் அது. அதை அரைக் கட்டை ஏற்றிக் கேட்டுவிட்டு 'ஒட்டவில்லை' என்றால் எப்படி ஒட்டும்?

நல்ல பிரதி கிடைத்தால் இன்னொரு தடவை பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் அப்பாவோடு நான் பேசுகிறேன்.

மழைக்கோடு: பழைய படங்களில் அவ்வப்போது வலது மேல் மூலையில் ஒரு வட்டப் புள்ளி சட்டென்று வந்து போகிறதே, அது என்ன?

என் சாப்பாடு. ஒரு ரீல் 1,000 அடி, 11 நிமிடம் ஓடும். தியேட்டரில் இரண்டு புரொஜக்டர். ரீல் முடியப்போகும்போது முதல் புள்ளி வந்தால் அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு வினாடியில் இரண்டாவது புள்ளி, அப்போது மாற்ற வேண்டும். தூங்கிவிட்டால் வெள்ளைத் திரையும் விசிலும்தான்.

புதுசு: சிவாஜி ஏன் இவ்வளவு ஓவர் ஆக்டிங்? இன்று பார்த்தால் சிரிப்பு வருகிறது.

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ஒரே ஒரு முறை பதில் சொல்கிறேன்.

'பராசக்தி' வந்தது 1952இல். அதில் நடித்தவர் நாடக மேடையிலிருந்து வந்தவர். கடைசி வரிசைக்காரனுக்கும் குரலும் முகமும் எட்ட வேண்டும் என்பது மேடையில் அடிப்படைப் பாடம். பார்க்க வந்த கூட்டமும் பேச்சைக் கேட்க வந்த கூட்டம். நீதிமன்ற வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். கச்சேரியில் ராகத்தை இழுத்துப் பாடினால் 'ஓவர் சிங்கிங்' என்று யாரும் சொல்வதில்லையே. அந்த நடிப்பு அந்த ஜாதி.

சரி, அதைத் தவிர வேறு தெரியாதவரா? இரண்டே வருடம் கழித்து, 1954இல், 'அந்த நாள்'. வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது, பாட்டே கிடையாது. அதில் அவர் எவ்வளவு அடங்கி இருக்கிறார் என்று பாருங்கள். 1985இல் 'முதல் மரியாதை'. அதை நானே ஓட்டினேன். இளவட்டக் கல்லைத் தூக்கும் இடத்துக்காக ஒவ்வொரு காட்சிக்கும் கேபின் ஓட்டையில் கண்ணை வைப்பேன். எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று அந்த ஆளுக்குத் தெரியும். என் கணக்கில் தாங்காமல் போனவை நடுவில், எழுபதுகளின் கடைசியில் வந்த சில படங்கள். அங்கே கதை மெலிந்துவிட்டது, நடிப்பு மட்டும் பழைய அளவிலேயே நின்றது. அவற்றைப் பார்த்துச் சிரித்தால் நானும் சேர்ந்து சிரிப்பேன்.

வாத்தியார் ரசிகன்: எம்.ஜி.ஆரா, சிவாஜியா?

புரொஜக்டர் விளக்கில் எரியும் கார்பன் குச்சி விலை ஏறிய மாதம் எந்தப் படம் கூட்டம் சேர்த்ததோ அந்த ஹீரோ.

சிரிப்பு வரல: சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரித்த காமெடி எல்லாம் இன்று கடுப்பாக இருக்கிறது. காமெடிதான் சீக்கிரம் கெட்டுப்போகுமா?

யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது என்பதைப் பொறுத்தது. கறுப்பு, குண்டு, வழுக்கை, திக்குவாய், இதையே நம்பி எழுதின காமெடி பாலைப் போல, மறுநாள் தாங்காது. எண்பது, தொண்ணூறுகளில் அப்படி டன் கணக்கில் ஓட்டியிருக்கிறேன். 'கரகாட்டக்காரன்' வாழைப்பழம் ஏன் இன்னும் நிற்கிறது? அங்கே ஒருவன் முட்டாள்தனமான ஒரு கணக்கில் அசையாமல் நிற்கிறான், இன்னொருவனுக்கு வெறி ஏறுகிறது. நிறமும் உருவமும் அதற்குத் தேவைப்படவில்லை. அதே ஜோடி அதே படத்தில் வேறு இடத்தில் திட்டிக்கொள்வது இன்று எனக்குச் சிரிப்பு தருவதில்லை. ஒரே படத்துக்குள் ஒரு பகுதி தாங்கும், ஒரு பகுதி தாங்காது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. 'காதலிக்க நேரமில்லை', 1964. நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி. எல்லாரும் நாகேஷைப் பார்ப்பார்கள். அடுத்த தடவை பாலையாவை மட்டும் பாருங்கள். உட்கார்ந்த இடத்தில் பயந்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் பயம் கண்ணில் ஆரம்பித்து, கைக்கு வந்து, கடைசியில் நாற்காலி முழுக்கப் பரவுகிறது. ரீ-ரன்னில் எத்தனை முறை ஓட்டினேன் என்று கணக்கில்லை. ஜனம் சிரிக்கத் தொடங்குவது ஒவ்வொரு முறையும் பாலையா முகத்துக்குத்தான், நாகேஷின் வசனத்துக்கு இல்லை.

வெள்ளித்திரை: 'புதிய பாதை' பார்த்தேன். தன்னைக் கெடுத்தவனையே தேடிப் போய்க் கல்யாணம் செய்து திருத்துகிறாள். தேசிய விருது வேறு. இது எப்படி ஐயா?

1989 படம். எடுத்த விதத்தில் இன்றும் வேகம் இருக்கிறது, பார்த்திபனின் முதல் படம் என்று நம்ப முடியாது. ஆனால் கதையின் முதுகெலும்பு இன்று தாங்காது. அது மட்டும் இல்லை. 1982இல் 'சகலகலா வல்லவன்', அதிலும் தங்கையைக் கெடுத்தவனுக்கே அவளைக் கட்டிவைப்பதுதான் ஹீரோவின் வெற்றி. 1991இல் 'சின்னத் தம்பி', தாலி என்றால் என்னவென்றே தெரியாதவன் கட்டும் தாலி. மூன்றையும் ஹவுஸ்ஃபுல் போர்டோடு ஓட்டியவன் நான். சம்பளமும் வாங்கினேன்.

கடைசி வரிசை: அண்ணே, இது நியாயமில்லை. அன்றைக்கு ஊரே அப்படித்தான் நினைத்தது. இன்றைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு அன்றைய படத்தைத் திட்டினால், நாளைக்கு நம்மையும் திட்டுவார்கள்.

திட்டட்டும் தம்பி. ஆனால் 'ஊரே அப்படித்தான்' என்பது பொய். 'புதிய பாதை'க்குப் பன்னிரண்டு வருடம் முன்னால், 1977இல், 'சில நேரங்களில் சில மனிதர்கள்' வந்துவிட்டது. ஜெயகாந்தன் கதை, பீம்சிங் இயக்கம், லட்சுமிக்குத் தேசிய விருது. அதிலும் மழையில் காரில் ஏற்றிக்கொண்டு போனவனைப் பிறகு அவளே தேடிப் பிடிக்கிறாள். ஆனால் தாலி கட்டிக் கணக்கைத் தீர்ப்பதில்லை. அடுத்த வருடம் 'அவள் அப்படித்தான்'. ஆக அன்றே வேறு மாதிரி நினைத்தவர்கள் இருந்தார்கள், அதே தியேட்டர்களில்.

கடைசி வரிசை: 'அவள் அப்படித்தான்' ரிலீஸ் ஆன புதிதில் ஓடவில்லையே! ஜனம் எதைக் கேட்டதோ அதைக் கொடுத்தார்கள். அதோடு 'புதிய பாதை'யில் கடிவாளம் அந்தப் பெண் கையில். அவள்தான் முடிவெடுக்கிறாள், அவன் பின்னால் ஓடுகிறான்.

கடைசியில் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பெண்ணாக வரும் சீதா அழுதுகொண்டு மூலையில் உட்கார்வதில்லை, அந்தத் தைரியம் இன்றும் தெரிகிறது. ஓடவில்லை என்பதும் சரி. ஆனால் ஓடியது, ஓடாதது என்பது என் கல்லாக் கணக்கு. இன்று தாங்குகிறதா என்று கேட்டால் கல்லாப்பெட்டியைக் காட்டக் கூடாது.

பெண்கள் கவுண்டர்: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அந்த மாதிரி ஒரு படத்துக்கு அம்மா என்னைக் கூட்டிப்போனபோது எனக்குப் பதினாலு வயது. வீடு வரை அம்மா வாயே திறக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது, 'இருட்டினப்புறம் தனியா வராதே' என்றார். படத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேசியது அது ஒன்றுதான். ஊரே அப்படி நினைத்தது என்கிறீர்களே, எங்கள் பக்கத்தில் யாராவது கேட்டார்களா?

அம்மா, நீங்கள் சொன்னதும் எனக்கு ஒன்று நினைவு வருகிறது. கேபினில் மெஷின் இரைச்சலில் வசனம் சரியாகக் கேட்காது, ஆனால் கூட்டத்தின் சத்தம் கேட்கும். தாலி கட்டி முடிக்கும் இடத்தில் ஆண்கள் பக்கம் விசில் பறக்கும். பெண்கள் பக்கத்திலிருந்து என்ன வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். அழும் காட்சிக்கு மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டிருக்கிறேன், காமெடிக்குச் சிரிப்பு கேட்டிருக்கிறேன். அந்த இடத்தில் எதுவுமே கேட்டதாக நினைவில்லை. முப்பது வருடம் அதை நான் கவனிக்கவே இல்லை.

கடைசி வரிசை: சரிண்ணே. இதுக்கு மேல நான் பேசல.

மணி ஓசை: சிவாஜி ஏன் ஓவர் ஆக்டிங்?

மேலே பாருங்கள்.

தெளிவு: யூடியூபில் பழைய பாட்டுகளை '4கே' என்று போடுகிறார்களே, அதில் பார்த்தால் போதுமா?

அதில் பல, மங்கலான டேப்பைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்து ஊதிப் பெருக்கியவை. முகம் மெழுகு பொம்மை மாதிரி வழவழப்பாகவும் புடவைக் கரை நெளிந்துகொண்டும் இருந்தால் அதுதான். இல்லாத விவரத்தை மெஷின் கற்பனை செய்திருக்கிறது. ஒழுங்கான மீட்பு என்றால் கிடைத்த நல்ல பிலிமையே கழுவி, பிரேம் பிரேமாக ஸ்கேன் செய்ய வேண்டும். 'கர்ணன்' 2012இல் மீட்டெடுத்து வந்தபோது பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும். மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்தீர்களா? இருக்கிற 24 பிரேமுக்கு நடுவில் டிவியே பிரேம் செய்து சொருகும். படம் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும்.

கத்தரிக்கோல்: நான் பார்க்கும் பிரதியில் காட்சிகள் விடுபட்டிருக்கின்றன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இன்றைய நல்ல கேள்வி இதுதான். படம் தொடங்கும்போது வரும் சென்சார் சர்டிபிகேட்டில் நிறுத்துங்கள். நீளம் மீட்டரில் போட்டிருக்கும். அதை 27.4ஆல் வகுத்தால் நிமிடம் வரும். 4,500 மீட்டர் என்றால் 164 நிமிடம். உங்கள் பிரதி 150 நிமிடம்தான் என்றால், வேகமாக ஓடியதில் ஆறேழு நிமிடம் போயிருக்கலாம், மிச்சத்தை யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

அந்த யாரோவில் நானும் உண்டு. கடைசி பஸ் ஒன்பதே முக்காலுக்கு. முதலாளி மேலே வந்து, 'செகண்ட் ஹாஃப்ல ஒரு பாட்டை எடுத்துடுப்பா' என்பார். எடுப்பேன். திருப்பி அனுப்பும்போது ஒட்டிவிடுவேன், ஆனால் ஒவ்வொரு ஒட்டுக்கும் இரண்டு மூன்று பிரேம் போகும். அதே பிரிண்ட் நாற்பது ஊர் சுற்றினால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பாட்டையெல்லாம் எடுத்தேன் என்று கேட்காதீர்கள், அந்தப் பாடலாசிரியர்களின் ரசிகர்கள் இங்கே இருப்பார்கள்.

சும்மா வந்தேன்: இந்தப் படங்களுக்கு டவுன்லோட் லிங்க் கிடைக்குமா?

தப்பான கவுண்டர்.

ராகமாலிகா: 'உதிரிப்பூக்கள்' பின்னணி இசையைப் பற்றிக் கொஞ்சம் விளக்குங்களேன்.

இசை தெரிந்தவர்களைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது, அந்தப் படத்துக்கு மட்டும் கேபினில் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வேன்.

நட்சத்திரம்: சிவாஜி நடிப்பு கொஞ்சம் ஓவராக...

அடுத்தவர்.

அப்பாவும் பொண்ணும்: மகளுக்குப் பத்து வயது. கருப்பு வெள்ளை என்றாலே ஓடுகிறாள். எதில் தொடங்கலாம்?

முழுப்படம் வேண்டாம். 'சந்திரலேகா', 1948, முரசு நடனத்தை மட்டும் போடுங்கள். பெரிய பெரிய முரசுகள், மேலே ஆட்டக்காரிகள் வரிசை வரிசையாக. அந்த முரசுகளுக்குள் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். 'இதெல்லாம் கிராபிக்ஸா?' என்று கேட்பாள். 'இல்லை, அத்தனையும் ஆள்' என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள்.

ஓரத்துக் கறுப்புப் பட்டையை அப்படியே விடுங்கள், இழுத்து நிரப்பாதீர்கள். அப்புறம் அந்த செட்டிங்ஸ்.