பாப்பா குருத்தெலும்பு ஆராய்ச்சிக்குத்தான் போவேங்குதா? பாலக்கோடு அக்காவுக்கு பதில்

வணக்கம்க்கா. பாப்பா பன்னெண்டாவது பயோ-மேத்ஸ் முடிச்சுட்டு, குருத்தெலும்ப லேப்ல வளக்குற ஆராய்ச்சிக்குத்தான் போவேன்னு நிக்குது, இதெல்லாம் ஒரு படிப்பா, சம்பளம் வருமான்னு கேட்டிருக்கீங்க. அது எத புடிச்சிட்டு நிக்குதுன்னு மொதல்ல சொல்லிடறேன், அது தெரிஞ்சாதான் காலேஜ் பத்தி பேச முடியும்.

குருத்தெலும்புன்னா மூட்டுல எலும்பு முனைய மூடியிருக்கற வழுவழுப்பான மெத்த மாதிரி. அதுல ரத்தக்குழாயே கெடையாது, அதனால ஆக்சிஜன் ரொம்ப கம்மியாதான் போய் சேரும், நாம இழுக்கற காத்துல 21 சதவீதம்னா மூட்டுக்குள்ள ஏறக்குறைய 1-லருந்து 5 சதவீதம்தான். அந்த செல்லுக்கு அதுதான் தோது. ஆக்சிஜன் கொறையும்போது ஹிஃப்-1 ஆல்ஃபாங்கற புரோட்டீன் அழியாம நிக்கும், அது சாக்ஸ்-9ங்கற ஜீன தூண்டும், அப்புறம்தான் டைப்-2 கொலாஜன், அக்ரிகான்ங்கற கட்டுமானப் பொருளெல்லாம் உருவாகி குருத்தெலும்பு கட்டும். செல் ஆக்சிஜன எப்படி உணருதுன்னு கண்டுபிடிச்சவங்களுக்கு 2019ல நோபலே குடுத்தாங்க.

இன்னொரு பக்கம் அழுத்தம். நடக்கறப்ப அமுங்கி அமுங்கி விடுது பாருங்க, அப்படி விட்டு விட்டு அமுக்குனா செல் நல்லா வேல செய்யும், ஒரேயடியா அமுக்கியே வெச்சா உற்பத்தி கொறஞ்சிடும், கால அசைக்காம நாள்கணக்கா கட்டு போட்டு வெச்சாலும் குருத்தெலும்பு மெலிஞ்சு போகும். இந்த அமுக்கத்த உணர்ற பீசோங்கற புரோட்டீன கண்டுபிடிச்ச ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021ல நோபல் வந்துச்சு. லேப்ல என்ன பண்றாங்கன்னா எலும்பு மஜ்ஜைல இருக்கற ஸ்டெம் செல்ல, அதாவது வேற வேற செல்லா மாறக்கூடிய மூல செல்ல, ஜெல்லுக்குள்ள வெச்சு, ஆக்சிஜன கொறச்சு, மிஷின்ல அமுக்கி அமுக்கி வளக்கறாங்க. ஆனா அந்த செல்லு குருத்தெலும்பா நிக்காம எலும்பா மாறப் பாக்கும், அதுதான் இன்னைக்கும் பெரிய தலைவலி, பாப்பா மாதிரி புள்ளைங்களுக்கு வேலையே அங்கதான் இருக்கு.

அந்த மிஷின டிசைன் பண்ண பிசிக்ஸும் மேத்ஸும் வேணும், செல்ல பாத்துக்க பயாலஜி வேணும். அதனால தயவுசெஞ்சு மேத்ஸ விட்டுட்டு ஒரு பக்கமா போக வெக்காதீங்க. பயோமெடிக்கல் இல்லன்னா பயோடெக் எடுக்கலாம். அது கெடைக்கலன்னா பர்கூர் கவர்மென்ட் காலேஜ்ல மெக்கானிக்கல் எடுத்துட்டு, கேட்ங்கற நுழைவுத்தேர்வு எழுதி எம்.டெக்ல பயோமெடிக்கலுக்கு மாறலாம், சுமாரான தனியார் காலேஜ்ல பணத்த கொட்டறதுக்கு இது எவ்வளவோ மேல்ன்னுதான் நான் சொல்வேன். ஆறாவதுலருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்னா 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, அதுல சீட் கெடச்சா படிப்பு செலவு, ஹாஸ்டல் செலவு ரெண்டையும் அரசே பாத்துக்கும்.

ஒளிக்காம சொல்றேன்க்கா, நாலு வருஷத்துல இந்த ஆராய்ச்சி வேல கெடைக்காது. பி.இ., எம்.டெக்., பி.எச்டி.ன்னு பத்து வருஷத்துக்கு மேல ஆகும். ஆனா அத்தன வருஷத்துக்கும் உங்க கைக்காசு போட வேண்டியதில்ல, பி.எச்டி. பண்றப்ப நெட்ங்கற தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப்.ங்கற ஆராய்ச்சி உதவித்தொக வாங்குனா மாசம் 37,000 ரூபா ஸ்டைபண்டா வரும். வேலூர் சி.எம்.சி., ஐ.ஐ.டி. மெட்ராஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், இதெல்லாம் பாப்பா கண்ணு வெக்க வேண்டிய எடம். நடுவுல மனசு மாறுனாலும் பி.இ. டிகிரி கையில இருக்கு, ஓசூர், பெங்களூர் பக்கம் வேல தேடிக்கலாம்.

கவுன்சிலிங்ல சாய்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி, பயோமெடிக்கல், பயோடெக் இருக்கற காலேஜ்ல செல் கல்ச்சர் லேப், அதான் செல்ல வளக்குற லேப், நெஜமாவே ஓடுதான்னு பாப்பாவையும் கூட்டிட்டு நேர்லயே போய் பாத்துட்டு வாங்கக்கா, அப்புறமா லிஸ்ட்ட உக்காந்து போடலாம்.