டாக்டர் பார்க்காமல் ஆர்த்தாப்டிஸ்ட்டிடம் அனுப்பிவிட்டார்களே, இது சரியா?

கேள்வி: லண்டனில் ஹாரோ பகுதியில் இருக்கிறோம். மகளுக்கு 5 வயது ஆகப்போகிறது. பள்ளியில் ரிசப்ஷன் வகுப்பில் செய்த கண் பரிசோதனையில் இடது கண் பார்வை குறைவு என்று கடிதம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால், ஆர்த்தாப்டிஸ்ட் என்று ஒரு பெண் முக்கால் மணி நேரம் பொம்மை காட்டி விளையாடுவது போல ஏதோ செய்தார். அப்புறம் சொட்டு மருந்து விட்டு இன்னொருவர் பார்த்தார், கண்ணாடி கொடுத்தார்கள். நாலு மாதம் கழித்து மறுபடி போனபோது அதே பெண்தான். நல்ல கண்ணைத் தினமும் 2 மணி நேரம் ஒட்டி மூடச் சொல்கிறார். பார்க்க அவளுக்குக் கண் நேராகத்தான் இருக்கிறது. ஒட்டினால் ஒரே அழுகை. திருச்சியில் இருக்கும் மாமியார், "நல்லா இருக்கற கண்ணை எதுக்கு மூடணும், இங்க கூட்டிட்டு வா, பெரிய டாக்டர்கிட்ட காட்டலாம்" என்கிறார். செலவைக் குறைக்க எங்களை உதவியாளரிடம் தள்ளிவிட்டார்களா, டாக்டர்?

பதில்: இல்லை அம்மா, தள்ளிவிடவில்லை. நீங்கள் போக வேண்டிய ஆளிடம்தான் போயிருக்கிறீர்கள். இந்தச் சந்தேகம் வருவது சகஜம்தான். நம்மூரில் "ஆர்த்தோ" என்று காதில் விழுந்தாலே எலும்பு முறிவு டாக்டர்தான் நினைவுக்கு வருவார். இங்கே ஆஸ்பத்திரிக்கு வரும் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் "கண்ணுக்கு எதுக்கு எலும்பு டாக்டர்" என்ற முகத்தோடுதான் அந்த அறைக்குள் நுழைகிறார்கள். கிரேக்கத்தில் "ஆர்த்தோஸ்" என்றால் நேர், அவ்வளவுதான். பிள்ளைகளின் எலும்பை நேராக்குவது ஒரு படிப்பு, கண்ணை நேராக்குவது இன்னொரு படிப்பு.

கண் ஆஸ்பத்திரியில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிடலாம். கண் டாக்டர் நோயைக் கண்டுபிடிப்பார், மருந்து கொடுப்பார், ஆபரேஷன் செய்வார். ஆப்டோமெட்ரிஸ்ட் கண்ணாடிப் பவர் பார்ப்பார், கண்ணின் நலத்தையும் சோதிப்பார். ஆர்த்தாப்டிஸ்ட்டின் வேலை இரண்டு கண்ணும் ஜோடியாக உழைக்கின்றனவா என்று பார்ப்பது: சேர்ந்து அசைகின்றனவா, இரண்டிலிருந்து வரும் படத்தையும் மூளை ஒன்றாக்கிக்கொள்கிறதா, அல்லது ஒன்றை ஒதுக்கிவிட்டதா. இதற்கென்றே பிரிட்டனில் ஷெஃபீல்டு, லிவர்பூல் போன்ற பல்கலைக்கழகங்களில் தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. சட்டப்படி பதிவு செய்யாத யாரும் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியாது. புதிதாக முளைத்த தொழிலும் இல்லை. எர்னஸ்ட் மாடக்ஸ் என்ற ஆங்கிலேயக் கண் டாக்டரின் மகள் மேரி மாடக்ஸ் 1920களிலேயே இதைத் தொடங்கிவைத்தார், 1937இல் இவர்களுக்கென்று சங்கமே வந்துவிட்டது. அப்பாவின் பெயரில் உள்ள கோடுபோட்ட சிவப்புக் கண்ணாடி இன்றும் எங்கள் மேசை டிராயரில் கிடக்கிறது.

சரி, உங்கள் மகள் விஷயத்துக்கு வருவோம். பள்ளியில் 4, 5 வயதில் நடக்கும் அந்தப் பரிசோதனையே ஆர்த்தாப்டிஸ்ட்டுகளின் மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்பதுதான் இங்கே தேசிய அளவில் உள்ள பரிந்துரை. அந்த வயதில் ஏன் என்றால், கண் பார்ப்பதை மூளை கற்றுக்கொள்ளும் காலம் அது. ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்தால் மங்கலான படம் ஒன்றும் தெளிவான படம் ஒன்றும் மூளைக்குப் போகின்றன, மூளை தெளிவானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. கண் கெட்டுப்போகவில்லை, மூளைதான் அதைச் சேர்க்கவில்லை. இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம் (எனக்குப் பிடிக்காத பெயர், பாவம் அந்தக் கண் என்ன செய்யும்). பிள்ளைக்கு ஒரு கண் நன்றாகத் தெரிவதால் அது எதிலும் முட்டிக்கொள்ளாது, டிவி பார்க்கும், ஊசியில் நூல்கூடக் கோக்கும், வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. ஏழு வயதுக்கு முன்னால் பிடித்தால் நன்றாகத் திருப்ப முடியும். பிறகு முடியவே முடியாது என்றில்லை, ஆனால் இழுபறி.

"கண் நேராகத்தானே இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா பார்க்கும் நேர் வேறு, ஆர்த்தாப்டிஸ்ட் பார்க்கும் நேர் வேறு. நீங்கள் விளையாட்டு என்று நினைத்தீர்களே, அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரு குச்சி நுனியில் விரல் நகத்தைவிடச் சின்னப் படம். "இந்த வாத்துக்கு எத்தனை கால்?" என்று கேட்பார். குழந்தை உற்றுப் பார்க்கும் அந்த நொடியில் கறுப்பு அட்டையால் ஒரு கண்ணை மூடுவார். அவருடைய பார்வை அட்டையில் இருக்காது, மூடாத கண்ணில் இருக்கும். அந்தக் கண் படத்தைப் பிடிக்க ஒரு துளி நகர்ந்தால், அதுவரை அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். ஒரு டிகிரி அளவு நகர்வைக்கூடப் பழகிய கண்கள் பிடித்துவிடும். பிறகு, ஏணி மாதிரி அடுக்கிய பட்டகங்களை (ஒளியை வளைக்கும் பிரிசம்) கண்முன் மேலும் கீழுமாக நகர்த்தி, எந்தப் பட்டகத்தில் அந்த அசைவு நிற்கிறது என்று அளப்பார். பவர் வித்தியாசம் உள்ள குழந்தைகள் பலருக்கு இப்படி வெறுமனே பார்த்தால் தெரியாத நுண்ணிய மாறுகண் கூடவே இருக்கும். இதை, அழுகிற மூன்று வயதுப் பிள்ளையிடம், அதன் கவனம் தங்கும் இரண்டு நிமிடத்துக்குள் செய்து முடிக்க வேண்டும். என்னைச் செய்யச் சொன்னால் செய்வேன், ஆனால் அவர்கள் அளவுக்குச் செய்ய மாட்டேன், இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

வெட்கப்பட்ட கதை ஒன்று இருக்கிறது. நான் ஜூனியராக இருந்தபோது ஒரு பெரியவர், படிக்கட்டு இறங்கும்போது படி இரண்டாகத் தெரிகிறது என்று வந்தார். விரலை ஆட்டிப் பார்த்தேன், "கண் அசைவு சரி" என்று எழுதினேன், மூளையில் என்னவோ என்று பயந்து ஸ்கேனுக்கும் எழுதப் போனேன். அதற்குள் ஆர்த்தாப்டிஸ்ட் அவரை உட்காரவைத்து, தலையை ஒரு தோளுக்கும் மறு தோளுக்கும் சாய்த்து அளந்துவிட்டு, "ஐயா, உங்கள் கல்யாண போட்டோ இருக்கிறதா?" என்று கேட்டார். பர்ஸில் இருந்தது. ஓரம் மடங்கிப்போன கறுப்பு வெள்ளைப் படம், மாப்பிள்ளை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார், நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே. பிறவியிலேயே நான்காம் மண்டை நரம்பு (கண் தசை ஒன்றை இயக்கும் நரம்பு) பலவீனம், தலையைச் சாய்த்துச் சாய்த்தே இவ்வளவு நாள் சமாளித்திருக்கிறார், வயதானதும் சமாளிக்க முடியவில்லை. மூளையில் புதிதாக ஒன்றுமில்லை. மூக்குக்கண்ணாடியில் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டகம் ஒன்றை வெட்டி ஒட்டினார்கள், படி ஒன்றானது. நான் எழுதிய குறிப்பை யாரும் கிழிக்கவில்லை, அது அந்த ஃபைலில் அப்படியே இருக்கிறது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இவர்கள் குழந்தைகளை மட்டும் பார்ப்பவர்கள் இல்லை. பக்கவாதம் வந்து பார்வையில் ஒரு பாதி போனவர்கள், தைராய்டு நோயால் கண் தசை இறுகிப்போனவர்கள், சர்க்கரையால் நரம்பு செயலிழந்து திடீரென்று எல்லாம் இரண்டாகத் தெரிபவர்கள் என்று பலரையும் முதலில் அளந்து சொல்வது அவர்கள்தான். மாறுகண் ஆபரேஷனுக்கு முன்னால் எந்தத் தசையை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்துவது என்று டாக்டர் முடிவு செய்வதும் அவர்கள் எழுதிக் கொடுத்த எண்களை வைத்துத்தான். அந்த எண் தப்பினால் கத்தியும் தப்பும்.

அப்படியானால் டாக்டருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். முதல் தடவை சொட்டு விட்டபின் இருட்டறையில் இன்னொருவர் ஒரு விளக்கை ஆட்டி ஆட்டிப் பார்த்திருப்பார் இல்லையா, அவர் ஆப்டோமெட்ரிஸ்ட்டாகவோ டாக்டராகவோ இருந்திருப்பார். அந்தச் சொட்டு கண்ணின் நடுவே உள்ள கறுப்புப் பாப்பாவை விரித்து, குழந்தை கண்ணை இறுக்கிப் பவரை ஏமாற்றுவதைத் தடுக்கும். அப்போதே விழித்திரையையும் பார்த்துவிடுவார்கள். பார்த்தார்களா என்று தெரியவில்லை என்றால் அடுத்த முறை நேராகவே கேளுங்கள், "கண்ணின் பின்பக்கம் பார்த்தாச்சா?" என்று. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதில் எதுவும் சரியில்லை என்று பட்டாலோ, எல்லாம் ஒழுங்காகச் செய்தும் பார்வை ஏறவில்லை என்றாலோ, ஆர்த்தாப்டிஸ்ட்டே டாக்டரைக் கூப்பிடுவார்.

நாலு மாதம் வெறும் கண்ணாடியோடு விட்டதை அலட்சியம் என்று நினைத்திருப்பீர்கள். அது திட்டமிட்டதுதான். கண்ணாடி மட்டும் போட்டாலே 16 முதல் 18 வாரம் வரை பார்வை மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும், சில குழந்தைகளுக்கு அதோடு வேலை முடிந்துவிடும், ஒட்டே தேவைப்படாது. உங்கள் மகளுக்குக் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அதனால் ஒட்டு. 2 மணி நேரம் போதுமா என்றால், நடுத்தரக் குறைபாட்டுக்குத் தினமும் 2 மணி நேரம் மூடினாலும் 6 மணி நேரம் மூடினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அமெரிக்காவில் 2003இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. அதனால் கூடுதலாகப் போட்டுச் சீக்கிரம் முடிக்கலாம் என்று நீங்களாக நேரத்தை ஏற்றாதீர்கள். அளவு மீறி மூடினால் நல்ல கண்ணின் பார்வையே குறைய வாய்ப்பு உண்டு, அவர்கள் சில வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்வது அதைக் கண்காணிக்கவும்தான்.

ஒட்டைத் தோலின் மேல் ஒட்ட வேண்டும், கண்ணாடி அதற்கு மேலே. கண்ணாடியின் மேல் ஒட்டினால் பிள்ளை மூக்குப் பக்கம் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிடும், எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த வித்தை தெரியும். பள்ளி விட்டு வந்து ஏதாவது சாப்பிட்டபின் ஆரம்பியுங்கள், பசியில் ஆரம்பித்தால் தோல்விதான். முதல் வாரம் அரை மணி நேரம்தான் தாங்குகிறாள் என்றால் அரை மணி நேரமே போடுங்கள், பிறகு கூட்டுங்கள். முதலில் அழுவதற்குக் காரணம் பிடிவாதம் இல்லை, உண்மையாகவே அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை, அதனால் மாடிப்படி, சாலை பக்கம் அந்த நேரத்தில் தனியாக விடாதீர்கள். தோல் சிவந்தாலோ, என்ன செய்தும் நடக்கவில்லை என்றாலோ, நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு அதைத் தற்காலிகமாக மங்கலாக்கும் வழியும் இருக்கிறது, கேளுங்கள். வெயிலில் கண் கூசும், பாட்டிலைக் குழந்தை கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், மற்றபடி பல பிள்ளைகளுக்கு ஒட்டுக்கு ஈடாகவே பலன் தருகிறது.

இன்னொன்று, எத்தனை மணி நேரம் போட்டீர்களோ அதைக் காலண்டரில் உள்ளபடி எழுதுங்கள். எழுதிக் கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் பெரும்பாலான வீடுகளில் போடுகிறார்கள் என்பது ஆர்த்தாப்டிஸ்ட்டுகளுக்கு நன்றாகத் தெரியும், திட்ட மாட்டார்கள். நீங்கள் "தினமும் போட்டேன்" என்று சொல்லிவிட்டால்தான் சிக்கல். போட்டும் பார்வை ஏறவில்லையே என்று அவர்கள் வேறு நோயைத் தேடக் கிளம்பிவிடுவார்கள், பிள்ளைக்கு வீண் பரிசோதனைகள்.

திருச்சிக்குத் தாராளமாகப் போய் வாருங்கள், பாட்டியைப் பார்க்க. வைத்தியத்துக்காகப் போகத் தேவையில்லை. மதுரை அரவிந்திலோ சென்னை சங்கர நேத்ராலயாவிலோ காட்டினாலும் இதே அட்டை, இதே பட்டகம், இதே ஒட்டுதான். ஊரில் இந்த அளவுகளைப் பெரும்பாலும் ஆப்டோமெட்ரிஸ்ட்டுகள் எடுக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். ஒட்டுப் பெட்டியை மறக்காமல் எடுத்துப்போங்கள். வேர்வையில் பகல் நேரத்தில் பிய்ந்து வந்துவிடும், காலையில் குளித்துத் தலை துவட்டியதும் ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்துப் போட்டுவிடுங்கள்.

போட்டோவில் ஒரு கண் பாப்பா மட்டும் வெள்ளையாகத் தெரிவது, திடீரென்று கண் திரும்பிக்கொள்வது, இமை இறங்குவது, தலைவலியோடு வாந்தி, இரண்டாகத் தெரிகிறது என்று சொல்வது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே காட்ட வேண்டும்.

மாமியாருக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். ஒட்டுப் போட்டிருக்கும் நேரத்தில் கிட்டத்தில் உற்றுப் பார்த்துச் செய்யும் வேலை இருந்தால் நல்லது. தினம் ஒரு புள்ளிக் கோலத்தைப் புள்ளி மட்டும் வைத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள், அச்செடுத்துக் கொடுங்கள், அவள் இங்கே இழை போடட்டும். முதலில் 5 புள்ளி போதும், அதுவும் கொஞ்சம் பெரிய புள்ளியாக.